தவக்காலத்து நம்பர்

பத்து நிமிஷம் என்று ரத்தப் பரிசோதனை மருந்துப் பெட்டியில் போட்டிருந்தால், ரெமிஜியஸ் அந்தப் பத்து நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருப்பார். வெந்நீர்த் தொட்டிக்குள் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிற்க வைத்துவிட்டு, ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மணியடித்துச் சொல்ல டைமர் இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை. முதல் ஒன்றிரண்டு நிமிஷம் குழாய்களில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஏதாவது ஒன்றில் பன்னீர் ரோஜாவின் நிறம் மெல்ல எட்டிப் பார்க்கும். அடுத்து இன்னொன்றில். கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தால் ஆழமாகச் சிவக்கும், குறைவாக இருந்தால் வெளிறிய ரோஜாவோடு நின்றுவிடும். மெஷினில் வைக்கும் முன்பே ரெமிஜியஸ் நம்பரை முணுமுணுத்துவிடுவார். ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தப்பியதில்லை.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில், ஆயில் மில் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த லேப். அவருடைய ஐம்பத்தொரு வயதில் இருபத்திரண்டு வருஷம் இந்த ஜன்னலோரத்தில் போயிருக்கிறது. ஆள் உயரம், ஒல்லி. ஏதோ யோசனையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார். "ரெமி பகல்லயே கனா காண்றவன்" என்று கோவில் பாடற்குழுவில் கேலி செய்வார்கள். பாட்டில் அவருடைய கீழ்க்குரல் நுழைய வேண்டிய இடத்தில் அரைத் தாளம் தாமதமாகத்தான் நுழையும். நுழைந்துவிட்டால் பிறகு சுருதி விலகாது.

காலை ஐந்தே முக்காலுக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் கிளம்பிவிடுவார். தலையில் மங்கி குல்லாய், மனைவி குளோரியா பின்னிக் கொடுத்த பாட்டில் பச்சை ஸ்வெட்டர், கால்களுக்கு நடுவே ஐஸ் போட்ட பிளாஸ்டிக் டப்பா. ஜனவரியில் ஹென்னூர் ரோட்டில் பஸ்ஸின் விளக்கு முதலில் வரும், பஸ் அப்புறம் வரும். அந்தப் பனிக்குள் வண்டி ஓட்டுவதென்றால் அவருக்கு அவ்வளவு இஷ்டம். பாதி தூக்கம், பாதி ஜெபம், அதற்கு மேலும் இடம் இருந்தால் எந்த வீட்டில் யாருக்கு என்ன டெஸ்ட் என்கிற ஞாபகம்.

கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. காபி கிடையாது. ஊரே பயப்படும் ஹெட்மாஸ்டர் பனியனும் கலைந்த தலையுமாக வந்து, சொன்ன பேச்சுக் கேட்டு நாற்காலியில் உட்காருவார். வாய் ஓயாத பெண்மணிகள் பேச்சில்லாமல் கையை நீட்டுவார்கள். "காபிக்கு முன்னாடி ஒரு மனுசனப் பாருங்க, ஞானஸ்நானம் வாங்குன கொழந்தையாட்டம் இருப்பான். பொய்யே வராது" என்பார் ரெமிஜியஸ். அந்த வட்டாரத்தில் ஒரு முந்நூறு பேரையாவது காபிக்கு முன்னால் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை.

ரத்தத்தை லேபுக்குக் கொண்டுவந்து மெஷினில் சுற்றவிட்டால், சிவப்பெல்லாம் அடியில் தங்கி மேலே தெளிவு நிற்கும். சீரம் என்பது அதுதான். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். சிலருடையது வெளிர் மஞ்சள், சிலருடையது தேன். விருந்து சாப்பிட்ட மயக்கம் தெளியாத ஆளுடையது பால் ஊற்றிய மாதிரி கலங்கியிருக்கும். பார்க்க வந்தவர்கள் பாலைக் கண்டால்தான் பயப்படுவார்கள். "அது வேற கொழுப்பு, நாலு நாள்ல எறங்கிடும். கொலஸ்ட்ரால் கண்ணுக்கே தெரியாது. தேனாட்டம் தெளிவா இருக்கும், உள்ள முந்நூறு இருக்கும்" என்று அவர்களுக்குச் சொல்வார். தெளிவாக இருப்பதைக் கண்டுதான் அவருக்குப் பயம்.

கம்மனஹள்ளியிலிருந்து ஜெயராமன் என்று ஒருவர் வருவார். பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் வேரூன்றிய குடும்பம். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னால் மட்டும், மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் உமியைக் கரைத்துக் குடித்துவிட்டு வருவது அவர் வழக்கம். மூன்று நாளில் எந்த நம்பரும் இறங்காது. "பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி மட்டும் படிச்ச மாதிரி இருக்குது சார் ஒங்க ரத்தம்" என்று ரெமிஜியஸ் சொன்னதில் எஞ்சினியருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை உமி, நிறையத் தண்ணீர், காலையில் பார்லிக் கஞ்சி, வாரத்தில் நாலு நாள் பீன்ஸும் மொச்சையும் என்று திட்டம் போட்டுக்கொண்டார். கட்டம் போட்ட கிராஃப் தாளில் கோடும் வரைந்தார். இருநூற்று ஐம்பத்தொன்று, இருநூற்று நாற்பது, இரண்டாவது மாதக் கடைசியில் இருநூற்று இருபத்தெட்டு. அதற்கப்புறம் கோடு படுத்துக்கொண்டது. ஜெயராமனுக்கு ஏமாற்றம். ரெமிஜியஸோ அந்தத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அழகான பெண்ணின் போட்டோவைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

உமியில் என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டுக்குப் போகத் தாமதமாகும். ஈரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்தநீரைச் செய்கிறது. குடலுக்குப் போய் வேலையை முடித்த பித்தநீரில் பெரும்பங்கு திரும்பவும் ஈரலுக்கே வந்துவிடும், காலி சோடா பாட்டில் கடைக்குத் திரும்புகிற மாதிரி. இசப்கோல், பார்லி, ஓட்ஸ், வெந்தயம், வெண்டைக்காய், காராமணி, கொய்யா இவற்றிலெல்லாம் தண்ணீரில் கரைந்து கொழகொழக்கும் ஒரு நார் இருக்கிறது. "அது உள்ள போய் ஊறிக்கும். வர்ற வழியில பித்தத்தப் புடிச்சுக்கும், விடாது, அப்டியே வெளிய இட்னு போயிடும்" என்பார். பாட்டில் திரும்பி வராவிட்டால் கடைக்காரர் புதுப் பாட்டிலுக்கு அலைய வேண்டும். ஈரலும் அப்படித்தான், புதுப் பித்தம் செய்ய ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அந்த அளவுக்குக் குறையும். இதைச் சொல்லும்போது அவர் கண் எங்கோ இருக்கும். சத்தமில்லாமல் ஒரு கொழகொழப்பு உள்ளே புகுந்து, யாருக்கும் வலிக்காமல் ஒரு தீங்கைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போவது அவருக்குத் தேவதூதர் செய்கிற காரியமாகவே தோன்றியது.

குளோரியாவுக்கு இந்தக் கதை ரொம்ப நாளாகத் தெரியும், அதனால் கேட்கமாட்டாள். நர்சரிப் பள்ளியில் டீச்சர். வட்ட முகம், உரத்த சிரிப்பு. கோவில் இளைஞர் குழுவில் ஒன்றாகப் பாடி ஒன்றாக நாடகம் போட்டுக் கட்டிக்கொண்டவர்கள் என்பதால், இருவருக்கும் இடையே நீ, நான்தான். அவளுக்குப் பன்றிக்கறி என்றால் உயிர். கொழுப்போடு சேர்ந்த துண்டாகத் தேடி எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்வாள். ஆனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் விழுந்துவிட்டால் அவள் வேறு மனுஷி. நாற்பது நாளும் கறி, மீன், முட்டை, வெண்ணெய் எதுவும் வீட்டுக்குள் வராது. காராமணியும் பச்சைப்பயறும் பார்லியும் வெந்தயமும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிதான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை காலையில், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, புருஷனிடம் கையை நீட்டுவாள்.

வருகிற நம்பர் நன்றாகத்தான் இருக்கும். இருநூற்றுப் பதினைந்து, இருநூற்று இருபது. கொஞ்சம் கூடுதல், ஆனாலும் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்கிற ரகம். அந்தத் தாளைப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வாள். நாற்பது நாள் கஞ்சியின் நம்பர் அது, பாக்கி முந்நூற்றுச் சொச்ச நாளின் நம்பர் அல்ல என்று ரெமிஜியஸ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். "ஆண்டவருக்குக் காட்டுற நம்பர்தான் என் நம்பர். மிச்சதெல்லாம் பிசாசு நம்பர்" என்பாள். இந்தப் பழக்கம் கோவில் பங்கு மக்களிடையேயும் பரவிவிட்டது. பெரிய வாரத்துப் புதனன்று லேப் படிக்கட்டில் கத்தோலிக்கப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். லேபை ஒட்டிய அறையில் கிளினிக் வைக்க வந்த டாக்டர் நிருபமா, முதல் வருஷம் அந்த ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஏரியா கிறிஸ்தவர்களுக்கு இதயமே கெடாது போலிருக்கிறது என்று வியந்தார். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு மாதம் பொறுத்திருந்து பார்த்தால் அவருடைய வியப்பு தீர்ந்திருக்கும். ஆனால் அப்போது ஒருவரும் வரமாட்டார்கள்.

குளோரியாவின் விஷயம் வேறு. மற்ற பெண்களுக்கு அது பழக்கம், அவளுக்கு அது பயம். அவளுடைய தம்பி லாயிட் நாற்பத்து நாலு வயதில், கம்பெனியில் எல்லாருக்கும் எடுத்தார்களே என்று ரத்தம் கொடுத்தான். திங்கட்கிழமை தாள் வந்தது, முந்நூற்றுப் பத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டு, ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்பாவும் அதே வயதுக்குக் கிட்டத்தில்தான் போனவர். தாள் வந்ததால் லாயிட் சாகவில்லை, தாள் பத்து வருஷம் தாமதமாக வந்ததால் செத்தான் என்பது ரெமிஜியஸுக்குத் தெரியும். குளோரியாவின் கணக்கு வேறு. "அவனுக்கு ஒண்ணுமே இல்ல. பேப்பரப் பாத்தான், போய்ட்டான்" என்பாள். அதற்கு மேல் அவளோடு யாரும் பேச முடியாது.

தொண்ணூற்றெட்டு செப்டம்பரில், சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கு மழையில் வெறுங்காலோடு நடந்து போய்வந்து, குளோரியா காய்ச்சலில் படுத்தாள். ஐந்தாம் நாளும் இறங்கவில்லை. டைஃபாய்டா என்று பார்க்க ரெமிஜியஸ் வீட்டிலேயே ரத்தம் எடுத்தார். டைஃபாய்டு இல்லை. குழாயில் கொஞ்சம் சீரம் மிச்சமிருந்தது. நல்ல தெளிவான தேன் நிறம். கொட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவர் கொட்டவில்லை. அதில் ஒரு சொட்டை எடுத்து மருந்தில் விட்டு, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு மூன்றாம் நிமிஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ரோஜா வந்தது, ஆழ்ந்தது, அதையும் தாண்டிப் போனது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். ரெமிஜியஸ் நம்பரை முணுமுணுக்கவில்லை. மெஷின்தான் சொன்னது, இருநூற்று எண்பத்தொன்று. காய்ச்சல் அடிக்கும்போது கொலஸ்ட்ரால் இறங்கித்தான் இருக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இறங்கியே இவ்வளவு என்றால், அவள் எழுந்து நடமாடும்போது எவ்வளவு என்று அவருக்கு யோசிக்கத் தைரியம் வரவில்லை. அந்த நம்பரை எந்தத் தாளிலும் எழுதவில்லை. மனைவியே ஆனாலும், கேட்காமல் ஒருத்தியின் ரத்தத்துக்குள் எட்டிப் பார்த்தது தப்பு என்று அவருக்கு உறைத்தது. உறைத்தபின் என்ன செய்ய, பார்த்ததைப் பார்க்காமல் ஆக்க முடியாது.

வெளியே சொல்லாமல் செய்யக்கூடியதைச் செய்தார். காலை டிபனை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சமையலறையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக வெந்நீர் மட்டும் போட்டுப் பழகிய ஆள். தோசை மாவில் இசப்கோல் உமி கலந்தார். சப்பாத்தி மாவில் ஓட்ஸைப் பொடித்துச் சேர்த்தார். சூப்பில் பார்லி, மோரில் வெந்தயம், வேறு எது தவறினாலும் பீன்ஸ் பொரியல் தவறாது. சாயங்காலம் கையில் ஒரு கொய்யாப்பழம். தோசை கல்லை விட்டு வர மறுத்தது. மாவு அரை மணி நேரத்தில் பசை மாதிரி இறுகியது. குளோரியா சாப்பிட்டுவிட்டு, "புது விதமா இருக்குது" என்று மட்டும் சொன்னாள், இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அந்த மாதங்களில் ரெமிஜியஸ் இன்னும் கனவுக்காரராகிவிட்டார். பனியில் வண்டி ஓட்டிப் போகும்போது, பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் குளோரியாவின் உள்ளே, அவர் கலந்த உமி ஊறி, பித்தத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அவள் சிரிக்கும்போதும் அது நடந்துகொண்டிருக்கும், தூங்கும்போதும் நடந்துகொண்டிருக்கும். இப்படி மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே போய் இரண்டு தடவை வேறு தெருவுக்குள் திரும்பிவிட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் இருநூற்று எண்பத்தொன்று அப்படியே இருந்தது. அவள் படிக்கட்டு ஏறி வந்து மூச்சு வாங்கினால் இவர் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி விண்டாலு. அதைக் குளோரியாதான் செய்வாள். வினிகரும் பூண்டும் மிளகாயும் அரைத்து, இரண்டு நாள் ஊறவைத்துச் செய்யும் அந்தக் கறியை வேறு யாரும் தொடக்கூடாது. அவள் ராத்திரிப் பூசைக்குச் சேலை கட்டப் போன நேரத்தில் ரெமிஜியஸ் சட்டிக்குள் நாலு கரண்டி உமியைக் கொட்டிக் கிளறிவிட்டார். பூசை முடிந்து வந்து மூடியைத் திறந்தால், குழம்பு சட்டியின் வடிவத்தில் ஒரே கட்டியாக உட்கார்ந்திருந்தது. கரண்டியை நிறுத்தினால் சாயாமல் நின்றது. குளோரியா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வினிகர் மாறிவிட்டதோ என்னவோ என்று ரெமிஜியஸ் சொன்னார். அவள் கத்தியை எடுத்து, கேக் வெட்டுவது போல விண்டாலுவை வெட்டி இரண்டு தட்டில் வைத்தாள்.

ஜனவரியில் ஒரு மாலை, நோயாளிகள் போனபிறகு, டாக்டர் நிருபமாவிடம் போய் நின்றார். எனக்குத் தெரிந்த ஒரு பேஷண்ட் என்று ஆரம்பித்தார். நம்பரையும், அப்பாவும் தம்பியும் போன வயதையும் சொல்லி, உமியும் பார்லியும் நாலு மாதமாகக் கொடுத்து வருகிறார்கள், போதுமா என்று கேட்டார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "நோடி ரெமிஜியஸ், நாரு நல்லதுதான். பத்துல ஒரு பங்கு கொறைக்கும், நெறைய செஞ்சா இன்னும் ஸ்வல்ப. இது குடும்பத்துலயே வர்றது. மாத்திரை வேணும், அதுக்கு மொதல்ல முழு டெஸ்ட் வேணும். அந்தப் பேஷண்ட்ட அடுத்த வெள்ளிக்கே வரச் சொல்லுங்க." பத்தில் ஒரு பங்கு என்பது ரெமிஜியஸுக்குத் தெரியாததல்ல. ஜெயராமனின் கோடு எந்த இடத்தில் படுத்துக்கொண்டது என்பதைக் கண்ணால் பார்த்தவர்தான். இருநூற்று எண்பத்தொன்றில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பார்க்காமலே நாலு மாதம் கனவு கண்டிருக்கிறார். இனிக் கனவு காண இடமில்லை. மாத்திரை வேண்டுமென்றால் அவள் கை நீட்ட வேண்டும். அவள் கை நீட்ட வேண்டுமென்றால் இவர் வாய் திறக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குளோரியா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நர்சரிக் குழந்தைகளுக்காகச் சார்ட்டுத் தாளில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸ் எதிரே உட்கார்ந்தார்.

"செப்டம்பர்ல காய்ச்சலுக்கு எடுத்தேனே குளோரி, அந்த ரத்தத்துல கொலஸ்ட்ராலும் பாத்தேன்."

கத்தரிக்கோல் வாத்தின் கழுத்தில் நின்றது. "எவ்ளோன்னு சொல்லாத" என்றாள். அவர் சொல்லவில்லை. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு, "காய்ச்சலுக்குன்னுதானே கைய நீட்டுனேன்" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக ஊரின் கைகளைத் தொட்டுப் பிழைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய அடி விழ முடியாது. மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியாமல், வெட்டிப்போட்ட தாள் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்று நாள் அவள் பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், பள்ளிக்குப் போனாள். பாடற்குழுப் பயிற்சியில் பக்கத்துப் பெண்ணோடு சிரித்தாள், இவர் பக்கம் திரும்பவில்லை. சமையலறையில் இசப்கோல் டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. கலக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ரெமிஜியஸ் காலையில் வெறும் தோசை சுட்டார். பல வாரங்களுக்குப் பிறகு முறுகலாக வந்த அந்தத் தோசையை இருவரும் ருசியில்லாமல் சாப்பிட்டார்கள். பனி மாதத்தில் ஊரெல்லாம் அழகாக இருந்தது, அவருக்கு மட்டும் விடியலே பிடிக்கவில்லை. லாயிட் குனிந்த மாதிரி குனிந்து தன் ஷூ கயிற்றைக் கட்டவும் பயமாக இருந்தது.

நாலாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு அவளே பேசினாள்.

"உமி கலக்கறது மொத வாரமே தெரியும். விண்டாலு எழுந்து நிக்குது, எனக்குத் தெரியாதா? கலக்கிட்டுப் போறான்னு தின்னேன். அது பரவால்ல." டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "அந்த நம்பர நாலு மாசமா நீ ஒண்டியா வெச்சுனு இருந்திருக்க. என்னப் பாக்கறப்பல்லாம் அதப் பாத்தியா, என்னப் பாத்தியா ரெமி?"

ரெமிஜியஸ் டீயைப் பார்த்தார். காபிக்கு முன்னால் யாருக்கும் பொய் வராது என்பவருக்கு டீக்கு முன்னாலும் வரவில்லை. "ரெண்டையுந்தான்" என்றார். "மொதல்ல அது தெரியும். அப்பறம் பயந்துனு ஒன்னப் பாப்பேன்."

குளோரியா அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் அந்த நம்பரைத் தூக்கிக்கொண்டு பனியில் அலைந்த மனிதரின் மேல் அவளுக்கு இரக்கமும் வந்துவிட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். போகும்போது, டாக்டர் எந்தக் கிழமை உட்காருகிறார் என்று மட்டும் கேட்டாள். வெள்ளி என்றார். ராத்திரி ஏழரை மணிக்கு மேல் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் வியாழன். சாம்பல் புதனுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. ஐந்தரைக்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு ரெமிஜியஸ் வெளியே வந்தபோது, குளோரியா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவில்லை, காபி வாசனை இல்லை. தலை கலைந்து, கண் வீங்கி, இருபத்தாறு வருஷத்தில் அவர் தினமும் பார்த்த முகம்தான். ஸ்வெட்டரின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை மேஜைமேல் நீட்டி வைத்திருந்தாள்.

அவர் பையைத் திறந்தார். ரப்பர் பட்டையைக் கட்டினார். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தார். ஊசியின் மூடியைக் கழற்றினார். இன்னொரு தடவை துடைத்தார், மூச்சை இழுத்து விட்டார், இடது கை விரலால் நரம்பைத் தேடினார். விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்ததால் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பயப்படுகிறவளுக்குத்தான் ஆறுதல் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவரே இப்படி நின்றால் என்ன செய்வது. வெளியே முதல் பஸ் பனிக்குள் எங்கோ ஹாரன் அடித்தது. குளோரியா ஊசியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையைக் கொண்டுவந்து அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, முழங்கை மடிப்பில் நரம்பு புடைத்திருந்த இடத்தில் வைத்து, அழுத்திக்கொண்டாள்.